அப்பா மாறிவிட்டாராம், அம்மா

என்னைப் பெற்றவளே, யாரும் வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே போய்விட்ட என் கிருபா அம்மாவே,

அப்பா தன் சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவுகிறார்.

நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது, தட்டைக் கழுவுகிற கையை விட்டுவிட்டு அவர் முகத்தைத்தான் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று நோட்டம் விடுகிற முகமா அது? நான் வந்திருப்பது தெரிந்துதான் இந்தக் காரியமா? அவர் குழாயை மூடிவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷம் வந்தது என்று நினைத்துவிடாதே. வந்தது பயம்.

நம் வீட்டுக்கு வந்துபோனவர்கள் எல்லாம் உன்னைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். சங்ககிரியில் லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற கமான் பட்டை கட்டுகிற பட்டறை, சொந்த வீடு, சபைச் செயலாளராக வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை அவர் வேதபாடம் வாசிக்க எழுந்தால் ஒலிபெருக்கியே வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டு வெளியூர்ப் போதகர்களே அசந்துபோவார்கள். அதே குரல் மத்தியானம் வீட்டுக்குள் வந்தால் என்ன பேசும் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு சுவரில் போய் அடிக்கும். நீ சிதறிய சோற்றை வழித்துவிட்டு, "ஸ்தோத்திரம் சாமி, சுடுசோறு யார் மேலயும் படல" என்பாய். எதற்கு ஸ்தோத்திரம் சொன்னாய், அம்மா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சாயங்கால ஜெபத்தில் நான் கண்ணைத் திறந்துவிட்டால் அடி விழும். நான் கண்ணைத் திறந்தேன் என்று தெரிய அவர் கண்ணைத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? இதை ஒருநாள் உன்னிடம் கேட்டேன். நீ என் வாயைப் பொத்தினாய். சிரித்தாய் என்றும் நினைவு. இல்லை, அது நான் பிறகு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

நீ போன பிறகு நான் அந்த வீட்டுக்கு அதிகம் போகவில்லை. நாமக்கல்லில் இருந்து சங்ககிரி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் கோழித்தீவனக் கடையில் கணக்கு வேலை, ஷெரினுக்குப் பள்ளிக்கூடம் என்று ஏதாவது சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. உன் பேத்தியை அவர் கண்ணில் காட்டவே எனக்கு விருப்பமில்லை. ஜெபத்தில் நான் பயந்து முழங்காலில் நின்ற மாதிரி அவள் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

போன ஆடியில் ஒருநாள், வீட்டு ரசீது ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது என்று போனேன். கதவு திறந்தே கிடந்தது. சமையல்கட்டில் அப்பா கீழே உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து பார்த்து, "வா கண்ணு. சாப்டியா?" என்றார்.

கண்ணு! என் வாழ்நாளில் அவர் வாயில் இருந்து அந்த வார்த்தை எனக்கு வந்ததில்லை. "ஏய்" என்பார், "இவளே" என்பார், ஆட்கள் முன்னால் மட்டும் "எஸ்தர்" என்பார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஏனுங்கப்பா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கறேன். உக்காரு. ரசம் வெக்கறேன், சாப்டுட்டுப் போலாம்."

ரசம் வைத்தார். வாயில் வைக்க முடியாத ரசம். அதை அவரே ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கம்மா வெச்சாப்ல வரமாட்டீங்குது" என்றார். நீ வைத்த ரசத்தை அவர் நல்லது என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? நான் கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும்தான் தட்டைக் கழுவினார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனசு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டது. இந்த வயதில் இன்னொரு கல்யாணத்துக்கு ஆசைப்படுகிறாரோ? அதற்கு என்னைச் சரிக்கட்டப் பார்க்கிறாரோ? இல்லை, சபைத் தேர்தல் வருகிறதா? அல்லது டாக்டர் ஏதாவது கெட்ட சேதி சொல்லி, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாரா? வீட்டுக்கு வந்து உன் மருமகனிடம் சொன்னேன்.

டேவிட்டைத்தான் உனக்குத் தெரியுமே, எல்லோரையும் நல்லவர்களாகவே நினைப்பார். "வயசாச்சுன்னா மனுசன் மெதுவாயிருவாங்க, எஸ்தர். சந்தோசப்படறத உட்டுட்டுத் துப்பறியறயா?" என்றார்.

"உங்களுக்கு அவரு மாமனாருங்க. எனக்குத்தான் அப்பா," என்றேன்.

தேர்தல் என்ற சந்தேகம்தான் முதலில் அடிபட்டுப் போனது. விசாரித்தால், அப்பா செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து மாதக்கணக்காகிவிட்டதாம். வேதபாடம் வாசிப்பதும் இல்லையாம். கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறாராம். இதைக் கேட்டு என் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. பதவியையே விடுகிற அளவுக்கு என்ன நடந்தது? என்ன செய்தார்? யாராவது எதையாவது கண்டுபிடித்துவிட்டார்களா?

எதிர்வீட்டுப் பாவாயி அக்காவுக்குப் போன் போட்டேன். அந்த அக்காவுக்கு நம் சபை விவகாரம் எதுவும் தெரியாது, ஆனால் நம் வீட்டு வாசலில் நடப்பது அத்தனையும் தெரியும்.

"அதயேன் கேக்கற சாமி! உங்கொப்பன் காத்தால எந்திரிச்சுச் சோறாக்கறாரு. ஒண்ணுவிட்டு ஒருநாளு தூக்குப்போசியில போட்டுக்கிட்டுக் கெளம்பிர்றாரு. வாறதுக்குப் பொழுதெறங்கீருது. எங்கீங்கண்ணா போறீங்கன்னு கேட்டா சிரிக்கறாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல சாமி. எனக்கே திக்குங்குது."

தூக்குப்போசி. ஒன்றுவிட்டு ஒருநாள். எனக்கு வேறு சந்தேகம் வருமா சொல்லு? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். உன் வீட்டில் சமைத்து, உன் பாத்திரத்தில் போட்டு, எவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்?

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் பாவாயி அக்கா வீட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பா கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை, பட்டறைக்குப் போட்டுப்போகிற பழைய காக்கிச் சட்டை. பாவாயி அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே போனேன். அவர் டவுன் பஸ் ஏறி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இறங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்தார். நான் திருப்பத்தில் நின்றேன். ஓட்டு வீடு ஒன்றில் இருந்து அவர் ஒரு ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகம் உப்பி, கால் வீங்கி, நடக்க முடியாமல் நடக்கிற ஆள். ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு போய்விட்டார்.

யார் என்று எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ராசாத்தி. அப்படியானால் போனது மாரியப்பன்.

மாரியப்பனை நீ மறந்திருக்க மாட்டாய். பட்டறை ஆரம்பித்த நாளில் இருந்து அப்பாவோடு சம்மட்டி அடித்தவர். ஒரு லாரிக்காரர் முன்னால், "இந்தப் பட்டை தாங்காதுங்க" என்று உண்மையைச் சொன்னதற்காக, டிரைவர்கள் எல்லாம் பார்க்கக் கன்னத்தில் அடித்து வெளியே போகச் சொன்னார் அப்பா. அடுத்த நாள் ஞாயிறு. வழக்கம்போலப் பாடம் வாசித்தார்.

ராசாத்தி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"ஏனுங்க, உங்கப்பா எதுக்குங்க இங்க வாராரு?"

நான் திகைத்துப் போனேன். "அதக் கேக்கத்தானுங்க நானே வந்தேன்."

"எங்களுக்குத் தெரியலீங்க. இவருக்குக் கிட்னி போயிருச்சு. ஒண்ணுவிட்டு ஒருநாளு டயாலிசிஸ். பையன் பள்ளிபாளையத்துல தறி ஓட்டறான், லீவு போட முடியறதில்லீங்க. ஒருநாளு பஸ் ஸ்டாப்புல நாங்க நிக்கறதப் பாத்துட்டு உங்கப்பா வந்தாரு. இவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அடுத்த தடவ போசியோட ஊட்டுக்கே வந்துட்டாருங்க. உப்புப் போடாத சோறு. இந்த நோவுக்கு உப்பு ஆவாதுன்னு எப்படியோ தெரிஞ்சு வெச்சிருக்காரு."

"உங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"என்ன சொல்வாரு? பேசறதே இல்லீங்க. கூடப் போறாரு, கூட வாராரு. பையந்தான் சத்தம் போடறான். மதம் மாத்தத்தான் வாராங்க, சோத்தக் குடுத்து வளைக்கறாங்க, உள்ள உடாதன்னு சொல்றான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒண்ணுங்க. இத்தன நாள்ல உங்க சாமியப் பத்தி ஒரு வார்த்த பேசலீங்க. பேசிட்டா நானும் புரிஞ்சுக்குவேன். பேசாம இருக்கறதுதான் பயமா இருக்குது," என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே ஆள் மேல் ஒரே சந்தேகம்.

அந்தச் சந்தில் இருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. வேறொரு பெண்ணாக இருந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது அம்மா. டயாலிசிஸ்! உனக்கும் கிட்னி போய், நீ எத்தனை தடவை போனாய். ஒருநாள், ஒரே ஒருநாள் அவர் உன்னோடு வந்திருக்கிறாரா? நான்தான் நாமக்கல்லில் இருந்து ஓடி வருவேன். ரத்தம் சுத்தமாகி முடிகிறவரை நீ வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய். "அப்பாவுக்குச் சபைக் கமிட்டி இருக்குது," என்று நான் கேட்காமலே சொல்வாய். உனக்குச் செய்யாததை அடித்து விரட்டிய ஆளுக்குச் செய்து, ஆண்டவரிடம் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாரா?

வீட்டுப் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஸ்டேசன் பக்கம் வந்திருந்தியா?"

"வந்திருந்தேனுங்க. எதுக்குங்கப்பா இதெல்லாம்? எங்கம்மா அங்க படுத்துக் கெடக்கறப்ப நீங்க எங்க போயிருந்தீங்க?"

கத்திவிட்டேன். பாவாயி அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். பழைய அப்பாவாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவர் சுவரோரம் மெல்ல உட்கார்ந்தார். அப்புறம், நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தார்.

"பெரிய வியாழன் அன்னிக்குப் பாடம் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஆண்டவரு சீஷருங்க காலக் கழுவுற பாகம். வருசா வருசம் நாந்தான் வாசிப்பேன், மனப்பாடம். துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாருங்கற எடத்துல உங்கம்மா நெனப்பு வந்துருச்சு."

ஈஸ்டருக்கு முந்தின அந்த வியாழக்கிழமை அவர் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்ததை நானும் கேள்விப்பட்டிருந்தேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"அவ ஒருநாளு வந்து, காலுக்கடியில என்னமோ உறுத்துதுங்க, குனிஞ்சு பாக்க முடியலீங்க, செத்தப் பாருங்கன்னா. நான் கமிட்டிக்குக் கெளம்பிக்கிட்டிருந்தேன். எஸ்தர் வந்தா காட்டுன்னு சொல்லிப்போட்டுப் போய்ட்டேன். சக்கர ஒடம்பு, நீ வாறதுக்குள்ள புண்ணாகிப் போச்சு. அப்புறம் வெரல எடுத்தாங்க."

அம்மா, இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. நான் வந்த அன்று, "முந்தாநாளுதான் குத்துச்சு" என்றாய். அவரைக் காப்பாற்றப் பொய் சொன்னாயா? இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாயா?

"வருசா வருசம் நல்லா வாசிச்சேன்," என்றார் அப்பா. "நல்ல கொரலுன்னு சொல்லுவாங்க. வாசிச்சது ஒரு வார்த்தகூட எனக்குள்ள போகல. ஊட்டுக்கு வந்து இங்கயேதான் உக்காந்திருந்தேன். யாரு காலப் போய் இனி கழுவறது? அவ இல்ல. அப்புறந்தான் மாரியப்பன பஸ் ஸ்டாப்புல பாத்தேன். உங்கம்மா கால் வீங்கியிருந்தாப்லயே இருந்துச்சு."

"அவருக்குச் செஞ்சா எங்கம்மாளுக்குச் செஞ்சதாயிருமா?"

"ஆவாது," என்றார். "அது எனக்குத் தெரியுங்கண்ணு. அந்தக் கணக்கு இதுல தீராது. அவனுக்குச் செய்ய வேண்டியது தனியா இருந்துச்சு, செய்யறேன்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: "கிருபா என்னைய மன்னிச்சிருப்பாளா?"

உன் பெயர். அவர் வாயால். எதிர்வீட்டில் பாவாயி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் ஆமாம் என்று சொல்லிவிடத்தான் வந்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே தலையாட்டியிருப்பாய். ஆனால் உனக்குப் பதிலாகத் தலையாட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

"எனக்குத் தெரியாதுங்கப்பா. அது எங்கம்மா சொல்லோணும்," என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. அழவில்லை. "சரிதான்," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ எழுந்துபோனார். அன்றைக்கு நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

நடந்ததை டேவிட்டிடம் சொன்னபோது அவர் கண் கலங்கினார். "இன்னுமா நம்பமாட்டீங்கற?" என்று கேட்டார். நம்பவில்லை. அவர் சொன்னது பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் அழகாகப் பேசத் தெரிந்தவர் அல்லவா அப்பா? உருக்கமாக ஜெபித்துவிட்டு, ஆமென் சொன்ன வாயோடு உன்னைத் திட்டியதை நான் கேட்டு வளர்ந்தேனே. சபையில் இருந்து வாசற்படி வரைக்கும் தாங்காத பக்தி, எத்தனை நாளைக்கு ஒரு சந்துக்குள் போய் வரும்? பார்ப்போம் என்றுதான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு டேவிட் என்னைக் கேட்காமலே அவரை நாமக்கல்லுக்கு அழைத்துவிட்டார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா வந்தார். ஷெரினுக்குக் கவுன் எடுத்து வந்திருந்தார், அளவு சின்னது. அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, இது நான் ஒண்ணாவது படிக்கறப்ப போட்ட சைஸு," என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவைப் பெற்றவரை நம் ஊர்க் குழந்தைகள் எல்லாம் கூப்பிடுகிற மாதிரி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்புச்சி என்றுதான் அவள் கூப்பிட்டாள். அவரும் சிரித்தார். நான் சமையல்கட்டில் இருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் பிரியாணி வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். டேவிட் அவரையே ஜெபிக்கச் சொன்னார். அப்பா கண்ணை மூடி ஆரம்பித்தார். நடுவில் ஷெரினுக்கு என்ன தோன்றியதோ, களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"ஜெபத்துல என்னடி சிரிப்பு, நாயே!"

அதே குரல். கையும் ஓங்கிவிட்டது. ஷெரின் உறைந்து போனாள். அவள் முகத்தில் என் பழைய முகத்தைப் பார்த்தேன் அம்மா. அவளை அப்படியே தூக்கிக்கொண்டு அறைக்குள் போனேன். உன்னிடம் மறைப்பானேன், நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி வந்தது. சாயம் வெளுத்துவிட்டது. இனி நான் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அறை வாசலில் யாரோ உட்காருகிற சத்தம். அப்பா. உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"ஷெரின் சாமி. அப்புச்சி உன்னையத் திட்டுனது தப்பு. கைய ஓங்குனது அதவிடத் தப்பு. பயந்துட்டியா?"

"ஆமா," என்றாள் அவள், என் சேலைக்குள் இருந்துகொண்டே.

"நீ சிரிச்சது தப்பில்ல. பயப்படுத்துன நாந்தான் தப்பு. மன்னிச்சுக்க சாமி."

அடுத்து 'ஆனால்' வரும் என்று காத்திருந்தேன். ஆனா ஜெபத்துக்கு மரியாத வேணுமல்ல, ஆனா பொம்பளப் பிள்ளைக்கு அடக்கம் வேணுமல்ல, ஆனா உங்கம்மாளும் இப்படித்தான். அந்த 'ஆனா' தெரியாமல் நான் வளரவில்லையே. கதவில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய் டேவிட்டிடம், "மாப்பிள்ள, உங்க ஊட்டுல வந்து உங்க பிள்ளையத் திட்டிப்புட்டேன், மன்னிச்சுக்கங்க. நான் கெளம்பட்டுங்களா, இருக்கட்டுங்களா, நீங்களே சொல்லுங்க," என்று கேட்டார்.

இத்தனை மாதமாக அவர் வைத்த ரசமும் கழுவிய தட்டும் தூக்கிப்போன சோறும் என்னை அசைக்கவில்லை. அந்தக் கோபம்தான் அசைத்தது. நடிக்கிறவராக இருந்தால் அன்றைக்குக் கோபமே வந்திருக்காது. தேன் ஒழுகப் பேசிவிட்டுப் போயிருப்பார். உள்ளே இருக்கிற அந்தப் பழைய மனுஷன் இன்னும் சாகவில்லை. அவனோடு இவர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். சில நாள் தோற்கவும் செய்கிறார். தோற்றதை ஒரு சின்னப் பெண்ணிடம் ஒத்துக்கொள்கிறார். இது எனக்குத் தெரியாத அப்பா.

ஷெரின்தான் முதலில் வெளியே போனாள். "அப்புச்சி, பிரியாணி ஆறிப்போச்சு," என்றாள்.

இப்போதைய சேதி இதுதான். மாரியப்பன் இன்னும் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் போன வாரம் ஆட்டோவில் ஏறும்போது தானாகவே அப்பாவின் தோளில் கையை வைத்தாராம். அதை ராசாத்தி போனில் சொன்னார். அவர் மகனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்பா உட்கார்ந்திருந்தால் அவன் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நிற்கிறான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

சபையில் சிலர் அப்பா விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்கிறார்கள். மேடை ஏறாதவர், ஜெபக் கூட்டத்தில் வாய் திறக்காதவர், வாரநாளில் யாரோ ஒருவரோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர். வேறு என்ன சொல்வார்கள்? புதிதாக வந்திருக்கிற போதகர் மட்டும் விஷயம் தெரிந்து, லெந்து நோன்புக் காலத்தில், ஆண்டவர் உங்களை மாற்றியதைப் பற்றிச் சபை முன்னால் ஒரு சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா, "எனக்கு நானே சாட்சி சொல்லிச் சொல்லித்தானுங்க கெட்டுப்போனேன். என்ற ஊட்டுல இருக்கறவங்ககிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டாராம்.

அதனால் போதகர் என்னிடம் வந்தார். சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார். சாட்சி எழுத எனக்கு வராது ஐயா, சந்தேகப்படத்தான் வரும் என்றேன். அதையே எழுதுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன். இதை எழுத வேண்டுமானால் உனக்குத்தான் எழுத முடியும், படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். நம் வீடு மாதிரி நல்ல பெயர் எடுத்த வீடுகள் அந்தச் சபையில் இன்னும் இருக்கும். உள்ளே யாராவது ஒருத்தி பயந்துகொண்டு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. நீ இருக்கும்போதே அந்த வசனம் அவர் காதில் விழுந்திருக்கக் கூடாதா? உன் காலைப் பிடித்துப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆண்டவர் மனுஷனை மாற்றுகிறார் என்றால், ஏன் உன்னைப் புதைத்த பிறகு? இதைப் போதகரிடமும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதனாலேயே அவரைக் கொஞ்சம் பிடித்திருக்கிறது.

மே லீவுக்கு ஷெரின் சங்ககிரிக்குப் போக வேண்டும் என்கிறாள். அப்புச்சி கமான் பட்டை எப்படி வளைக்கிறது என்று காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அனுப்பலாம் என்று இருக்கிறேன். முதல் சில நாள் நானும் கூடப் போய் இருப்பேன். அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: "ஒரு வார்த்த காதுல உளுந்தாலும் கூட்டிக்கிட்டு வந்துருவேனுங்க." அவர், "வந்துரு கண்ணு. எனக்காகப் பாக்காத," என்றார்.

அம்மா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் மன்னிப்பை உன்னைக் கேட்காமல் எடுத்து யாருக்கும் கொடுக்கமாட்டேன். சபை கேட்டாலும், டேவிட் கண்கலங்கினாலும், அப்பாவே மறுபடி கேட்டாலும் அதைத் தொடமாட்டேன். உயிரோடு இருந்தவரைக்கும் உன்னிடம் இருந்து எல்லோரும் கேட்காமல்தான் எடுத்துக்கொண்டோம். இந்த ஒன்றாவது உன்னுடையதாகவே இருக்கட்டும்.

என் கையில் இருப்பது என் பங்கு மட்டும். அதை இன்னும் கொடுக்கவில்லை. ஆனால் இறுக்கி மூடிய கை கொஞ்சம் தளர்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. கொடுக்கிற நாள் வந்தால், அவருக்குச் சொல்வதற்கு முன்னால் கல்லறைக்கு வந்து உன்னிடம் சொல்வேன்.

உன் மகள்,
அவருக்கும் மகளாக இருக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிற,
எஸ்தர்